நின்ற வேகன் ஏன் உருண்டது

ரயிலைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அதன் பிரேக்கைப் பற்றிச் சண்டை போட்ட குடும்பம் எங்களுடையது. அந்தமானில் ரயில் கிடையாது. பாம்பூஃப்ளாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, முப்பது வயதைத் தாண்டும்வரை, ரயில் என்றால் பள்ளிப் புத்தகத்துப் படமும் சினிமாவில் வழியனுப்புகிற காட்சியும்தான். அப்படிப்பட்டவள் ஒரு வருடத்துக்கு மேல் நிலக்கரி ரயிலைத் தவிர வேறு எதையும் உருப்படியாக யோசிக்கவில்லை என்றால், அதற்குக் காரணம் என் தம்பி.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து இளம் வயதில் இங்கே வந்தவர். மீன்பிடிதான் தொழில். சுனாமி வந்த காலையில் எங்கள் டோங்கிப் படகு ஜெட்டித் தூணில் மோதி இரண்டாகப் பிளந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நிலம் தாழ்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஓதம் ஏறும் நாட்களில் உப்புத் தண்ணீர் எங்கள் சந்துக்குள் வந்து வாசற்படியைத் தொட்டுவிட்டுப் போகும். அப்பா இன்னொருவர் படகில் ஏறி மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்தார். தம்பி போகவில்லை. ஜெட்டிவரை போவான், நிற்பான், திரும்பி வந்துவிடுவான். அப்பா அவனைக் கோழை என்று சொன்ன இரவில் அவன் சாப்பிடாமல் எழுந்து போனது எனக்கு நினைவிருக்கிறது.

கொஞ்ச காலம் கழித்து, மாதா கோயிலில் பழக்கமான ஒருவர் மூலம் மேன்லேண்டில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஒரு அனல்மின் நிலையத்தில், காண்டிராக்டரின் கீழ், நிலக்கரி வேகன்களைக் காலி செய்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். கடலைப் பற்றிப் பேச்சே எடுக்காதவன், வேகன்களைப் பற்றி நிறுத்தாமல் பேசுவான். அங்கே டிப்ளர் என்று ஒரு இயந்திரம் இருக்கிறதாம். வேகனை ஒவ்வொன்றாகப் பிரித்து அதன்மேல் தள்ளி நிறுத்தினால், அது வேகனை இறுக்கிப் பிடித்து, தண்டவாளத்தோடு சேர்த்தே சாய்த்துத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுமாம். கரி எல்லாம் கீழே உள்ள குழிக்குள் கொட்டிவிடுமாம்.

"நம்ம வீட்டத் தூக்கிக் கவுத்தா எப்படி இருக்கும், அப்படி இருக்கும்க்கா" என்று சொன்னான். அவன் குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்கு அது போதும் என்று இருந்தது.

நாலு வருடம் அப்படிப் போனது. ஒருநாள் அவனுக்குப் பதிலாக அவனுடைய சூப்பர்வைசர் போன் செய்தார். வேகன்களைப் பிரிக்கும்போது, பின்னால் நின்ற வரிசை உருண்டு வந்து தம்பியின் இடது கால்மேல் ஏறிவிட்டது. பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, நான் கேட்காமலேயே அவர் இன்னொன்றையும் சொன்னார்.

"வேகன்ல கைச்சக்கரத்த முறுக்கி ஹேண்ட் பிரேக் போடாம விட்டுட்டான்மா. தப்பு அவன்மேலதான். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

தம்பி கப்பலில் ஊன்றுகோலோடு வந்து இறங்கினான். ஹேடோ ஜெட்டியில் அவனைப் பார்த்ததும் அம்மா அழுதாள். அப்பா அவன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அப்பா கேட்டுவிட்டார்.

"ஒரு சக்கரத்தப் பிடிச்சு முறுக்குறதுக்குக்கூட ஒனக்கு ஒடம்பு வணங்கலயால?"

தம்பி தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "வண்டி நின்னுச்சுப்பா. பிரேக்லதான் நின்னுச்சு."

அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, மாதக்கணக்கில் வரவில்லை. யார் கேட்டாலும் இதே பதில்தான். பிரேக்கில் நின்ற வண்டி எப்படி உருண்டது என்று கேட்டால் எழுந்து போய்விடுவான். எழுந்து போவதே அவனுக்குப் பெரும்பாடு. அப்படியும் போவான்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பா மேல், சூப்பர்வைசர் மேல், எல்லாரையும்விட அதிகமாகத் தம்பி மேல். வாய் திறந்து விளக்கினால் என்ன? அவன் விளக்கப் போவதில்லை என்று தெரிந்ததும், நானே கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் அப்போது டாலிகஞ்சில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தமுக்கு ஃபெர்ரி, அங்கிருந்து பஸ். கடையில் ஜெராக்ஸ் மெஷினோடு நாலு கம்ப்யூட்டர்களும் இருந்தன. கப்பல் டிக்கெட் நிலவரம் பார்க்கவும், ரிசல்ட் பார்க்கவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும் ஆட்கள் வருவார்கள். முதலாளி ஒரு பெங்காலி. மதியம் சாப்பிட்டுவிட்டு வீட்டில் ஒரு தூக்கம் போட்டுத்தான் வருவார். அந்த நேரத்தில் நான் நிலக்கரி ரயில் பார்ப்பேன்.

பார்ப்பேன் என்று சொல்வது பாதிப் பொய். எங்கள் இண்டர்நெட் அப்போது சேட்டிலைட் வழியாக வந்தது. மேகம் கூடினாலே அது மூச்சு வாங்கும். வேகன் டிப்ளர் என்று தட்டச்சு செய்து ஒரு வீடியோவைத் திறந்தால், என்ஜின் தெரியும், பின்னால் கரி நிரம்பிய வேகன்கள் தெரியும், முதல் வேகன் மேடையில் ஏறி நிற்கும், இரண்டு பக்கமும் இரும்புக் கைகள் இறங்கி அதைப் பிடிக்கும். அவ்வளவுதான். நடுவில் அந்த வட்டம் வந்து சுற்ற ஆரம்பிக்கும். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, சில்லறை எண்ணிக் கொடுத்து, வந்து பார்த்தாலும் வேகன் அங்கேயே நிற்கும், வட்டம் சுற்றும். அந்த வேகன் கவிழ்ந்ததை நான் முழுதாகப் பார்க்கப் பல வாரங்கள் ஆயின. அதற்குள் என் பொறுமை பலமுறை கவிழ்ந்துவிட்டது. ஒருநாள் கீபோர்டை ஓங்கித் தட்டிவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

படித்தும் பார்த்தேன். வேகன்களை ஒன்றோடொன்று சேர்த்துச் செல்லும் ரப்பர்க் குழாய் வழியாக என்ஜின் காற்றை அனுப்புகிறது, அந்தக் காற்றால்தான் பிரேக் வேலை செய்கிறது என்பதுவரை புரிந்தது. அதற்குமேல் எல்லாம் இங்கிலீஷில், அம்புக்குறி போட்ட படங்களோடு இருந்தது. படமும் முழுதாக இறங்காது. மேல் பாதி வரும், கீழ்ப் பாதி சாம்பல் நிறத்தில் நின்றுவிடும். என்ஜின் கழன்று போனபின் பிரேக் பிடித்திருக்குமா, விட்டிருக்குமா? எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அது எப்போதும் அந்தக் கீழ்ப் பாதியில்தான் இருந்தது.

ஒருநாள் காலை, லாரிகள் ஏறுகிற பெரிய ஃபெர்ரியில் போனேன். ஒரு லாரி டிரைவர் இறங்கிப் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார். அவர் லாரியின் அடியிலிருந்து புஸ்ஸென்று காற்று வெளியேறியது. மூன்று தலைமுறைக்கு முன் ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு வந்த குடும்பத்துக்காரர் அவர், அந்த வழியில் அடிக்கடி பார்த்த முகம்தான். நான் இந்தியில் கேட்டேன், இதுவும் காற்றுப் பிரேக்கா என்று. ஆமாம் என்றார். காற்று முழுக்கப் போய்விட்டால் வண்டி உருண்டுவிடுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஹவா கதம், தோ சக்கா ஜாம்" என்றார். காற்று தீர்ந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், வண்டியை அசைக்கவே முடியாது. உள்ளே பலமான ஸ்ப்ரிங் இருக்கிறது, காற்று அதை அமுக்கி வைத்திருக்கிறது, காற்று போனால் ஸ்ப்ரிங் விரிந்து பிரேக்கைப் போட்டுவிடும் என்று கையை மடக்கி விரித்துக் காட்டினார்.

சாத்தமில் இறங்கி வேலைக்குப் போகாமல் அடுத்த ஃபெர்ரியிலேயே வீட்டுக்குத் திரும்பினேன். அவ்வளவு வேகம். என்ஜின் கழன்றால் காற்று போகும், காற்று போனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். தம்பி சொன்னதுபோல வண்டி பிரேக்கில்தான் நின்றிருக்கிறது. அப்படியும் உருண்டது என்றால் வேகனில்தான் கோளாறு. கைச்சக்கரத்தை முறுக்கியிருந்தாலும் முறுக்காவிட்டாலும் அவன்மேல் தப்பில்லை. இதை அப்பாவிடம் டிரைவர் காட்டியதுபோலவே கையை மடக்கி விரித்துச் சொன்னேன். அப்பா இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு வலையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய், தம்பியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். என்ன பேசினார் என்று தெரியாது. வெளியே வரும்போது அவர் கண் சிவந்திருந்தது.

அன்று சாயங்காலத்திலிருந்து அப்பா ஜெட்டியில் அகப்பட்டவர்களிடமெல்லாம் அந்த ஸ்ப்ரிங்கை விளக்க ஆரம்பித்தார். என் மகன்மேல் தப்பில்லை, வண்டி கோளாறு, என் மகள் விசாரித்துவிட்டாள் என்பார். எனக்குப் பெருமையாக இருந்தது. தம்பி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நன்றி சொல்வான் என்று நினைத்தேன். "எதுக்குக்கா இதெல்லாம் கிண்டிக்கிட்டு இருக்க" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த நன்றிகெட்டதனத்தை நினைத்து அன்றிரவு முழுக்கக் கொதித்தேன்.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் அவன் காலில் புண் மறுபடி திறந்துகொண்டது. இங்கே பார்த்த டாக்டர் சென்னைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். கப்பல் டிக்கெட்டுக்கு இரண்டு முறை வரிசையில் நின்று, இரண்டு முறையும் கப்பல் தள்ளிப்போய், மூன்றாம் முறை கிளம்பினோம். நான்தான் கூடப் போனேன். வடசென்னையில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மலிவான ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். அறை ஜன்னலைத் திறந்தால் உடைந்த மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் தண்டவாளங்கள்.

முதல் நாள் சாயங்காலம் அந்த வழியாக ஒரு நிலக்கரி ரயில் போனது. நான் பார்த்த முதல் ரயில் அதுதான். முதலில் தரை அதிர்ந்தது, கட்டில் கால் அதிர்ந்தது, பிறகுதான் சத்தம் வந்தது. வேகன் வேகன் வேகன், முடியவே இல்லை. ஒவ்வொன்றிலும் கரி குவிந்து, ஓரத்தில் சிந்திக் காற்றில் பறந்தது. வீடியோவில் விரல் நீளமாகப் பார்த்தது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. தம்பி அப்போது கட்டிலில் படுத்திருந்தான். சுவர்ப்பக்கம் திரும்பி, ரயில் போய் முடியும்வரை அப்படியே இருந்தான்.

மறுநாள் அவனைச் சோதனைகளுக்கு உள்ளே சேர்த்துக்கொண்டு, அடுத்த நாள் மாலையில் வரச் சொல்லிவிட்டார்கள். நான் மதிலின் உடைப்பு வழியாக அந்தப் பக்கம் போனேன். பக்கத்துக் குடிசைக்காரர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு நிலக்கரி ரயில் ஓரத் தண்டவாளத்தில் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் என்ஜின் கழன்று தனியாகப் போனது. காற்று சீறி அடங்கியது. நான் குந்தி உட்கார்ந்து சக்கரங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு சக்கரத்தின் ஓரத்திலும் கறுப்பாக ஒரு பிரேக் கட்டை. எல்லாம் சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருந்தன. வேகனின் அடியில் ஒரு உருளையிலிருந்து கம்பி ஒன்று வெளியே நீண்டிருந்தது. சரிதான் என்று நினைத்தேன். காற்று போனது, சக்கரம் பூட்டிக்கொண்டது. லாரிக்காரர் சொன்னது சரி.

அடுத்த நாள் காலையிலும் அதே வேகன்கள் அங்கேயே நின்றன. சும்மா ஒரு பார்வை பார்க்கத்தான் போனேன். உருளையிலிருந்து நீண்டிருந்த கம்பி உள்ளே போயிருந்தது. பிரேக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தது. அந்தப் பக்கத்து வெளிச்சம் அதன் வழியாக வந்தது. நடந்து நடந்து பத்துப் பதினைந்து வேகன்களைக் குனிந்து பார்த்தேன். பெரும்பாலானவை அப்படித்தான். வரிசையின் கடைசியில் இருந்த சில வேகன்களில் மட்டும் கட்டைகள் இறுகப் பிடித்திருந்தன. அவற்றின் பக்கவாட்டில் இருந்த கைச்சக்கரங்கள் முறுக்கப்பட்டிருந்தன. கடைசிச் சக்கரத்தின் அடியில் ஒரு மரக்கட்டையும் செருகியிருந்தது.

முதல் வேகனுக்கே திரும்பி வந்து, அந்தக் கம்பியை மறுபடி பார்த்தேன்.

சுத்தியலோடு ஒரு ரயில்வே ஆள் அந்தப் பக்கம் வந்தார். இங்கே என்ன வேலை என்று அதட்டினார். போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நேற்று பிடித்திருந்த பிரேக் இன்று ஏன் விட்டிருக்கிறது, லாரியில் காற்று போனால் பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே என்று. அவர் நடையை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"அது லாரி. இதுல காத்துதான் கட்டைய அழுத்திப் பிடிக்குது. என்ஜின் போனதும் வேகன்ல சேத்து வச்ச காத்து வந்து பிடிக்கும். அந்தக் காத்தும் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு போயிடும். இதுல இருக்குற ஸ்ப்ரிங்கு பிடிக்குறதுக்கு இல்ல, விடுறதுக்கு. அதுக்குத்தான் கைச்சக்கரம், கட்டை எல்லாம். போம்மா, இங்க நிக்காத."

ஒரு வருடமாக அந்தக் கடையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தெரிந்தது இது. விஷயம் நான் வீட்டில் போய்ச் சொன்னதற்கு நேர் எதிர். என் பேச்சை நம்பி அப்பா இந்நேரம்கூட ஜெட்டியில் யாரிடமாவது கையை மடக்கி விரித்துக் காட்டிக்கொண்டிருப்பார். அழுகை வரவில்லை. யாரையாவது திட்ட வேண்டும்போல இருந்தது. திட்ட ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியை அறைக்குக் கூட்டி வந்ததும் சொன்னேன். குற்றம் சாட்டுகிற மாதிரி பேசக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, பார்த்ததை மட்டும் சொன்னேன். கம்பி வெளியே இருந்தது, உள்ளே போயிருந்தது என்று. நான் முடித்ததும், "எனக்குத் தெரியும்க்கா" என்றான்.

"எப்ப தெரியும்?"

"வேலைக்குப் போன முதல் மாசமே தெரியும். அங்க எல்லாருக்கும் தெரியும்."

பிறகு, அத்தனை மாதம் பேசாததை எல்லாம் ஒரே மூச்சில் பேசினான். கைச்சக்கரம் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். ஒன்றை முறுக்கவே இரண்டு ஆள் வேண்டும். ரயிலைச் சீக்கிரம் காலி செய்து திருப்பி அனுப்பவில்லை என்றால் காண்டிராக்டர் சூப்பர்வைசரைத் திட்டுவார், சூப்பர்வைசர் இவர்களைத் திட்டுவார். அதனால் யாரும் முறுக்க மாட்டார்கள். வந்த உடனே காலி செய்துவிடுவதால் காற்றே தாங்கும். அன்றைக்கு மட்டும் டிப்ளர் பழுதாகி, ரயில் முந்தைய நாளே வந்து ராத்திரி முழுக்க நின்றது. காலையில் பழுது சரியானதும் அவசரம். அது ராத்திரி முழுக்க நின்ற ரயில் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவனும்தான்.

"தினமும் முறுக்காமத்தான் வேலை பாத்தோம். தினமும் நின்னுச்சு. அன்னைக்கும் நின்னுச்சு. நான் கொக்கியக் கழட்டுற வரைக்கும் நின்னுச்சு."

"இத அப்பவே சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா அப்பா என்ன சொல்லுவாரு? ஊரே செஞ்சா நீயும் செய்வியாலேன்னு கேப்பாரு. நீ வேற வந்து ஸ்ப்ரிங்குன்னு சொல்லிட்ட. அன்னைக்குத்தான் அவரு என் பக்கத்துல வந்து உக்காந்தாரு. அதக் கெடுக்கச் சொல்லுதியா?"

அவன்மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை. அப்பாவிடம் சொல்லாதே என்றான். சரி என்றேன்.

ஊருக்குத் திரும்பி சில மாதங்கள் அப்படியே ஓட்டினோம். புண் ஆறி, தம்பி ஒரு தனிச் செருப்போடு கொஞ்சம் நடக்க ஆரம்பித்தான். பாம்பூஃப்ளாட் ஜெட்டிக்குப் பக்கத்தில் ஐஸ் விற்கும் இடத்தில் ரசீது போடும் வேலையும் கிடைத்தது. அப்பா ஸ்ப்ரிங் கதையை விடவில்லை. ஒவ்வொரு தடவையும் அது இன்னும் பெரிதாகி, கடைசியில் அந்த வேகன் மொத்தமும் ஓட்டை உடைசல் என்று ஆகிவிட்டது. அவர் பேச ஆரம்பித்தாலே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து, அம்மாவின் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா கையை மடக்கினார். தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "போதும்ப்பா" என்றான். அப்பா கையை அப்படியே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

"நான் சக்கரத்த முறுக்கல. அங்க ஒருத்தனும் முறுக்க மாட்டான், நேரம் குடுக்க மாட்டாங்க. வண்டில கோளாறு ஒண்ணும் இல்ல."

மாமா தரையைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். கத்துவார் என்று காத்திருந்தோம். அவர் கத்தாமல் கேட்டார்.

"ஒருத்தனும் முறுக்கலன்னு அந்த சூப்பர்வைசருக்குத் தெரியுமால?"

"தெரியும்."

"தெரிஞ்சிருந்துமா நம்ம வீட்டுக்குப் போன் போட்டு ஒம்மேல தப்புன்னு சொன்னான்?"

தம்பி தலையை ஆட்டினான். அப்பா எழுந்து வெளியே போனார். அன்று மதியம் எல்லாரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை யாரிடமும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. தம்பியிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் காலையில் கடலுக்குப் போகும்முன் ஐஸ் வாங்க அவரேதான் போவார். அதற்குமுன் கூட்டாளிகளில் ஒருவரை அனுப்புவது அவர் வழக்கம்.

என்னால் மட்டும் விட முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் கடைக்குப் போனதும் சூப்பர்வைசரின் நம்பருக்குப் போன் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஃபெர்ரியில் வரும்போதே வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். எடுத்தது வேறு ஆள். பழைய சூப்பர்வைசர் வேறு ஊர் சைட்டுக்குப் போய்விட்டார், நான்தான் இப்போது இங்கே, என்ன வேண்டும் என்று கேட்டார். தம்பியைப் பற்றிச் சொன்னேன். அப்படி ஒரு சம்பவம் தனக்குத் தெரியாது என்றார். யோசித்து வைத்ததெல்லாம் வீணாகப் போனது. சரி, இப்போதாவது கைச்சக்கரத்தை முறுக்குகிறார்களா என்று கேட்டேன்.

"அதுக்கெல்லாம் எங்கம்மா டைம் இருக்கு" என்றார். குரலில் விரோதம் எதுவும் இல்லை. களைத்துப்போன ஆளின் குரல். பின்னால் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. டிப்ளராக இருக்கலாம். அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடை வாசலில் ஒரு பெண் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு இரண்டு காப்பி வேண்டும் என்றாள். மெஷினைப் போட்டேன். சூடாக நேரம் ஆகும், உட்காருங்கள் என்றேன்.